மேலறையின் சொந்தக்காரிக்கு வயது பத்து

முதலில் ஒரு விடுகதை. வீட்டை வாடகைக்கு விடுபவர் ஒருவர். வீட்டுக்குச் சொந்தக்காரர் வேறொருவர். சொந்தக்காரர் பல் தீட்டினாரா, பாலைக் குடித்தாரா, பாடசாலைச் சப்பாத்தை உரிய இடத்தில் வைத்தாரா என்று நாள்தோறும் விசாரிப்பவர், வாடகைக்கு விடுபவர். இருவரும் யார்?

இருபது ஆண்டுகளாகப் பத்திரிகையில் சிறுவர் பக்கம் செய்கிறேன். விடையை அடுத்த வாரம்வரை ஒளித்துவைப்பது என் வழக்கம். இதைப் படிப்பவர்கள் பெரியவர்கள். உங்களுக்குப் பொறுமை குறைவு. எனவே இப்போதே சொல்லிவிடுகிறேன்: நானும் என் மகள் ஹிபாவும்.

கிழக்கிலங்கையில், எங்கள் கல்முனைக் கரையோரத்தில் வீடு பெண் பிள்ளைக்குரியது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை அவள் வீட்டுக்கு வருவார், பெற்றோர் ஒதுங்கிக்கொள்வோம். சாய்ந்தமருதில் நாங்கள் கட்டிய வீடும் ஹிபாவுக்காகத்தான். அதன் மேல்மாடியில் ஓர் அறை, கடல் தெரியும் யன்னல், இரண்டு கட்டில். அவள் வளரும்வரை பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண் பிள்ளைகள் தங்க அதை வாடகைக்கு, போடிங்காகக் கொடுத்தோம். ஹிபாவின் ஏழாவது வயதில், "பத்து வயசானா மேலறை உனக்கு" என்று ஒரு நல்ல மனநிலையில் வாக்குக் கொடுத்துவிட்டேன். கடைசியாக வந்த இருவரிடமும் முதல் நாளே இதைச் சொன்னேன். ஹிபாவுக்குப் பத்து வயதாகி எட்டு மாதம் கழித்துத்தான் அவர்களுடைய கடைசிச் சோதனை, பல்கலைக்கழக இறுதிப் பரீட்சை, வரும். படிப்பின் கடைசி வருடத்தில் அறை தேடி அலைவது எப்படியென்று, போடிங் வைத்திருக்கும் என் தோழிகளே, உங்களுக்குத் தெரியும்.

தாயின் பரிசோதனை

நுஸ்கா கண்டிப் பக்கத்துப் பிள்ளை. அவளைக் கொண்டுவந்து விட்ட நாளில் அவளுடைய உம்மா வீட்டைப் பரிசோதித்தார். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். குழாய்த் தண்ணீரை வாயில் வைத்து ருசி பார்த்தார். இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார், பின்வளவில் யார் என்று கேட்டார். பிறகு என்னைக் கீழே அனுப்பி, மெதுவாகப் படியேறி வரச் சொன்னார். நான் ஏறிவரும் சத்தம் அறைக்குள் கேட்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கேட்கவில்லை. மகள் அறியாமல் நான் வந்து பார்க்கலாம் என்பதில் அவருக்கு மிகுந்த திருப்தி. தேநீரைக் குடித்து முடித்து, கிளம்பும் நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்னும் தங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னார்: "வீடு நல்லம். தண்ணியும் நல்லம். ஆனா நீங்க சரியான சாது மாதிரி ஈக்கி. இவளுக்கு அது சரிவராதே!"

கேத்தல்

மற்றவள் மதுரா. பதுளையில் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரேயொரு பையோடு வந்தவள். அறையில் ஒரு மின்சாரக் கேத்தல் வைத்திருந்தேன். தண்ணீர் கொதிக்கவைக்க மட்டும். நான்காம் நாள் அதற்குள் முட்டை அவிந்திருந்தது. நான் ஏசவில்லை. சிறுவர் பக்கப் பழக்கத்தில் ஓர் அட்டையில் முட்டையை வரைந்து, குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, கேத்தலுக்கு மேலே ஒட்டினேன்.

அடுத்த கிழமை நூடில்ஸ். அதையும் வரைந்தேன். பிறகு உருளைக்கிழங்கு. பிறகு, எப்படியென்று இன்றைக்கும் விளங்கவில்லை, மீன். மூன்று மாதத்தில் அட்டையில் ஆறு படங்கள் சேர்ந்துவிட்டன. ஏழாவது முறை மேலே போனபோது கேத்தல் மூடி திறந்து கிடந்தது, நீராவி யன்னல் வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. மதுரா அட்டையை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "மரவள்ளிக்கெழங்கு படம் போடலையே ஆன்ட்டி!"

மேன்முறையீடு

வீடு பெண் பிள்ளைக்கு என்ற எங்கள் வழக்கம் நுஸ்காவுக்குப் புதிது. "எங்கட ஊர்ல வீடு வாப்பாட பேர்ல ஈக்கும் மாமி" என்றாள். "அப்ப ஒங்களுக்கு மேல ஒராள் ஈக்கி?" என்று கேட்டாள். அதைக் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து நான் மறுத்தவையெல்லாம் ஹிபாவிடம் மேன்முறையீட்டுக்குப் போயின. பெரிய வழக்கு பூனை வழக்கு. நுஸ்கா தெருவில் கிடந்த குட்டி ஒன்றைத் தூக்கிவந்து அலுமாரிக்குள் வைத்திருந்தாள். வெளியே விடு என்றேன். மாலையில் ஹிபா மூன்றாம் படியில் உட்கார்ந்து இரு தரப்பையும் விசாரித்தாள். என்னையும் கூப்பிட்டாள், நானும் போனேன். அவளுடைய வாப்பா கதிரையில் இருந்தபடி பத்திரிகைக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். தீர்ப்பு இதுதான்: "பூன மேல இருக்கலாம். ஆனா உம்மாட முன்னுக்கு மியாவ் எண்டு சொல்லப்படாது."

முதல் சுவர்

பெயின்ட் அடித்து ஆறு மாதம்கூட ஆகாத மேலறைச் சுவர் அது. மதுரா கோதுமை மாவைக் காய்ச்சி, நாற்பது தாள்களை அதில் வரிசையாக ஒட்டிவிட்டாள். பாடக் குறிப்புகள், வரைபடங்கள், கடைசிச் சோதனை வரைக்கும் நேர அட்டவணை. என் சாது முகம் அன்றைக்குக் காணாமல்போனது. ஒரு வார்த்தை கேட்டாயா, பெயின்ட் உரிந்தால் யார் பொறுப்பு, இது என்ன விளம்பரப் பலகையா என்று நின்ற நிலையில் பொரிந்து தள்ளினேன்.

பொரிந்து முடிந்த பிறகுதான் சுவரின் கீழ்ப்பாதியைப் பார்த்தேன். ஹிபாவின் கண் மட்டத்தில் பின்னங்கள் ஒட்டியிருந்தன. ரொட்டியை நாலாகவும் எட்டாகவும் பிரித்து வரைந்து, நிறமும் தீட்டியிருந்தது. நான் மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தும் ஹிபாவுக்கு ஏறாத பின்னங்கள். இரண்டு கிழமையாகப் பள்ளிக்கூடத்தில் சரியாகச் செய்துவருகிறாளே என்று எனக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன். என் திறமை என்றுதான் நினைத்திருந்தேன். மதுரா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "எங்க லயத்து வீடு ஒரேயொரு காம்பரா ஆன்ட்டி, அந்த ஒரு ரூமுல ஏழு பேரு. செவத்துல எல்லாம் யாராவது சாஞ்சிட்டு இருப்பாங்க. எனக்குக் கெடச்ச மொத செவரு இதுதான்."

கேட்காத ஒன்று

ஹிபாவுக்குப் பத்து வயதாக ஒரு கிழமை இருந்தது. உலர்ந்த துணிகளைக் கொடுக்க மேலே போனேன். மதுரா ஈரத்துணியால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது தாளும் கழன்று கட்டிலில் அடுக்கியிருந்தன. நுஸ்கா உரிந்த பெயின்ட் துண்டு ஒன்றைக் கல்முனைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி, அதே நிறத்தில் சிறிய தகரம் ஒன்று வாங்கிவந்து, உரிந்த இடங்களில் பூசிக்கொண்டிருந்தாள். இரண்டு பைகள் கட்டித் தயாராக இருந்தன. காரைதீவில் அறை பார்த்துவிட்டார்களாம். கடைக்குப் பின்னால், யன்னல் இல்லாத அறை.

வாக்குக் கொடுத்தவள் நான். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. "ஹிபாட்டக் கேட்டிருக்கலாமே. எல்லாத்துக்கும் அவட்டத்தானே போறீங்க?" என்றேன். இரண்டு வருடமாக ஒரு விதியையும் வாதாடாமல் ஏற்றுக்கொள்ளாத பிள்ளைகள் அன்று வாதாடவில்லை. நான் பெற்றவர்கள் அல்ல, வளர்த்தவர்களும் அல்ல. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு இருந்த பெருமையை மறைக்கப்போவதில்லை. நுஸ்கா தூரிகையைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "கேட்டா அவ பாவம் பாத்து ஓமெண்டுவா மாமி. அது சரியில்லதானே."

பத்து வயது

அந்த நாள் வந்தது. மாலை அஸர் தொழுதுவிட்டு ஹிபாவைக் கூப்பிட்டு, மேலறைப் பூட்டின் திறப்பைக் கையில் கொடுத்தேன். மேலறை ராத்தாமார் இருவரும் காரைதீவுக்குப் போவதையும் சொன்னேன். கெஞ்சும் குரலில் சொல்லவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னேன். நுஸ்காவும் மதுராவும் படிக்கட்டில் பைகளோடு நின்றார்கள்.

"அங்க யன்னல் இருக்கா உம்மா?"

"இல்ல மகள்."

"நான் மேலறைய எடுக்காட்டி எனக்கு அறை இல்லையா?"

"அவங்கட சோதன முடியுமட்டும் இல்ல."

"வீடு முழுக்க என்டதானே?"

"ஓம். ஆனா..."

"ஓம் எண்டா ஓம்தானே உம்மா!"

ஹிபா திறப்பை மதுராவின் கையில் கொடுத்தாள். கீழ்மாடியில் நான் சிறுவர் பக்க வேலை செய்யும் அறைக்குள் போய், மேசையையும் அலுமாரியையும் பார்த்து, அந்த அறையை எடுத்துக்கொண்டாள்.