அரிசி டப்பாவுக்குப் பின்னால் இன்ஹேலர்

என் அக்கா எம்.எஸ்சி., பி.எட். மாமா வங்கி அதிகாரி. செங்கம் சாலைப் பக்கம் மாடி வீடு. மூன்று வயது மகளுக்கு ஆஸ்துமா. டாக்டர் கொடுத்த இன்ஹேலரை அக்கா அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

“பொம்பளப் புள்ளடி. பம்பு வெக்கிறோம்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?”

மூன்று வயதுக்கே மாப்பிள்ளைக் கவலை! அந்தப் படிப்பை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அப்போது கல்லூரியை முடித்துவிட்டு, குழந்தைகளின் ஆஸ்துமா பற்றி வீடு வீடாகக் கேட்டு எழுதும் வேலையில் இருந்தேன். வருமானம் என்ன, அம்மா எதுவரை படித்தார், எந்த அடுப்பு. எனக்கு ஒதுக்கிய தெருக்களில் அக்கா வீடும் வந்தது.

“ஆஸ்துமான்னு டாக்டர் சொன்னாரா?”

“இல்ல” என்றாள் என் முகத்தைப் பார்த்தே.

“வெறும் சளி. எழுதிக்கோ” என்றார் மாமா.

எழுதினேன். அந்தக் கோழைத்தனம் என்னுடையது.

அடுத்து, அக்கா வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணின் வீடு. ஒற்றை அறை, விறகடுப்பு, கண்ணைக் கரிக்கும் புகை.

“எம் புள்ளைக்கு ஆஸ்துமாதாம்மா. பெரியாஸ்பத்திரில சொன்னாங்க. இதோ மருந்து” என்று எடுத்தே காட்டினார்.

“விறகடுப்ப விட்டுடுங்க. புகை ஆகாது.”

“சிலிண்டர் நீ போடறியா? கேட்டு எழுதிக்கினு போறதுக்கு மட்டும் வந்துடுறீங்க.”

அடுப்புக் கட்டத்தில் விறகு என்று எழுதினேன். என் தாள்களின்படி, வசதி இல்லாத வீட்டில் ஆஸ்துமா இருந்தது. இருக்கிற வீட்டில் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமாவின் உறவினர்கள் வந்திருந்தார்கள். குழந்தையைத் தலைக்குக் குளிப்பாட்டி, சளி போகட்டும் என்று சாம்பிராணிப் புகை காட்டினாள் அக்கா. கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு விலா உள்வாங்கியது, நெஞ்சில் விசில் கேட்டது. அக்கா தைலம் தேய்த்தாள்.

“இன்ஹேலர் குடுக்கா!”

“மெதுவா பேசுடி, ஆளுங்க இருக்காங்க.”

நானே எடுத்து வந்து, நடுக்கூடத்தில் குழந்தையை மடியில் வைத்துக் கொடுத்தேன். மூச்சு மெல்லச் சீரானது.

“இன்னாமா அது?” என்றார் மாமாவின் பெரியம்மா.

“ஆஸ்துமாங்க. ஒரு வருசமா இருக்கு” என்றேன்.

“குடும்ப மானத்த வாங்கிட்ட. இனிமே இந்தப் படி ஏறாத” என்றாள் அக்கா.

ஏறவில்லை. மன்னிப்புக் கேள் என்கிறாள் அம்மா. எதற்கு?

இந்த ஜூனில் குழந்தையைப் பள்ளியில் சேர்த்தார்கள். விண்ணப்பத்தில் உடல்நலக் குறை ஒன்றுமில்லை என்று அக்கா எழுதியிருக்கிறாள். அம்மாதான் வாய் தவறிச் சொன்னாள். மறுநாள் காலை மணியடிக்கும் முன்பே நான் பள்ளி வாசலில் நின்றேன். வகுப்பு மிஸ்ஸைக் கூப்பிட்டு, எப்படி விசில் சத்தம் வரும், எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லி, புது இன்ஹேலர் ஒன்றையும் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.