மூக்கைப் பிடித்து ஊற்றிய கஷாயம்

என் மகனுக்கு வலது கண் தானாக அடித்துக்கொள்ளும். கூடவே தொண்டையிலிருந்து ‘க்கும்’ என்று ஒரு சத்தம் வரும், கழுத்து ஒரு பக்கமாக வெட்டும். அவன் வேண்டுமென்று செய்வதில்லை. அடக்கப் பார்த்தால் கூடும், பயந்தால் மூன்றும் சேர்ந்துகொண்டு வரும். டாக்டர் அதற்கு டிக்ஸ் என்று பெயர் சொன்னார். பெயர் தெரிந்து என்ன செய்வது? பதின்மூன்று வயதுப் பையன் ஒற்றைக் கண்ணை அடித்தால் ஊர் அதை ஒரே மாதிரிதான் எடுத்துக்கொள்கிறது.

திண்டிவனத்தில் வீட்டு முன்னறையில் கிரைண்டர் போட்டு ஈரமாவு அரைத்து விற்கிறேன். கல்லைத் தூக்கித் தூக்கிக் கை உரமேறிப் போயிருக்கிறது. கோபம் எப்போதும் மூக்குமேல்தான். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர், பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். இருக்கும் நாளில் என்னைப் பார்த்து, “ஒனக்கு வாய்க்கு முன்னாடி கை போவுது” என்பார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் போர்டில் எழுதிவிட்டுத் திரும்பியிருக்கிறார். இவன் கண்ணை அடித்து, க்கும் என்றிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்து அவர் ஓங்கி அறைந்துவிட்டார். கன்னத்தில் விரல் பதிந்து வீட்டுக்கு வந்தவனைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மாவுக் கையோடு நேரே பள்ளிக்கூடம் போனேன். அவர் அடுத்த வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினேன். பட்டன் தெறித்து விழுந்தது. அவர் முதுகு சுவரில் மோதியது. தலைமையாசிரியர் ஓடி வந்து பிரித்தார், வாத்தியார் மன்னிப்பும் கேட்டார். ஜெயித்துவிட்ட தெம்போடு திரும்பி வந்தேன்.

மறுநாள் காலையில் சீருடையை எடுத்ததும் அவன் வாந்தி எடுத்தான். அதற்கடுத்த நாளும் அப்படியே. “வயிறு வலிக்குதும்மா” என்று சுருண்டு படுத்துக்கொண்டான். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டால் பார்த்துக்கொள்ளலாம், அப்போதும் வரவில்லை என்றால் சேர்த்துக்கொள்வது கஷ்டம் என்று தலைமையாசிரியர் சொல்லி அனுப்பினார். ஜூன் மாதத்துக்குள் பிள்ளையைத் தேற்றியாக வேண்டும். அந்த நாளிலிருந்து என் உயிர் அந்த ஒன்றில்தான் இருந்தது.

நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரையில் அவன் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே தூங்கினான். திரும்பப் போய்க் கேட்டதற்கு, அவனுக்கு வலி எதுவும் இல்லாததால் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிடலாம், வயது ஏற ஏறக் குறையவும் செய்யும் என்றார். இயற்கை வைத்தியம் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். மாவு வாங்க வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு வைத்தியம் தெரிந்திருந்தது. ஒருத்தி வசம்பு என்றாள், இன்னொருத்தி விளக்கெண்ணெய் என்றாள். ஒரு அம்மாள் மட்டும் மஞ்சளைச் சுட்டுப் பிடரியில் ஒரு சூடு வைத்தால் எல்லாம் ஓடிவிடும் என்று வாய் கூசாமல் சொன்னாள். அவள் கையிலிருந்த மாவுக் கவரைப் பிடுங்கித் தெருவில் அடித்தேன். வெடித்துச் சிதறியதில் பாதி அவள் புடவையில்தான் போய் விழுந்தது. அவள் திட்டிக்கொண்டே போனாள். என் மகன் கதவு இடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், கண் படபடவென்று அடித்தது.

திண்டிவனத்தில் எல்லாருக்கும் எங்களைத் தெரியும் என்பதால் விழுப்புரத்தில் ஒரு சித்தா டாக்டரிடம் அழைத்துப் போனேன். என்னைவிட இளையவர், ஸ்கூட்டியில் வந்து இறங்குவார். நாடி பார்த்தார், அவனிடம் கிரிக்கெட் பேசினார். வல்லாரைக் கஷாயம் காலை மாலை, பிடரிக்கும் உச்சந்தலைக்கும் தைலம், ராத்திரி போன் கூடாது, நேரத்துக்குத் தூக்கம் என்றார். கடைசியாக என்னைப் பார்த்து, “முக்கியமா வீட்ல சத்தம் கூடாதுங்க. அவன் பக்கத்துல அதட்டுறது, கத்துறது, திடீர்னு பயமுறுத்துறது எதுவும் வேணாம். அமைதியா இருந்தாத்தான் மருந்து கேக்கும்” என்றார்.

அதை நான் தெருவுக்கே போட்ட சட்டமாக எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பையன் சைலன்சரைக் கழற்றிவிட்டு பைக்கை உறுமிக்கொண்டிருப்பான். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் தடவை உளுந்து கழுவிய தண்ணீரைப் பெட்ரோல் டேங்கில் ஊற்றிவிட்டேன். அவன் கத்திக்கொண்டு வந்தபோது கிரைண்டர் குழவியைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். அடித்திருப்பேன், அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்த நாத்தனார், “மருமவனே, யாரப் பாத்துடா கண்ணடிக்கிற?” என்று தானும் கண்ணடித்துக் காட்டினாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். கண்ணாடி வளையல் நொறுங்கி அவள் கையில் ரத்தம் வந்தது, மாதா படத்துக்குக் கீழே தரையில் சொட்டியது. வீட்டில் அமைதி வேண்டும் என்றுதான் அத்தனையும் செய்தேன்.

அப்புறம் அந்தக் கஷாயம். வல்லாரையைச் சீரகத்தோடு கொதிக்க வைத்து வடிகட்டினால் வீடு முழுக்கப் பச்சை வாடை அடிக்கும். அவனுக்கு அது தொண்டையில் இறங்காது. காலிரண்டுக்கும் நடுவில் அவனை இடுக்கிக்கொண்டு, மூக்கை அழுத்திப் பிடித்து, வாயைத் திறந்ததும் ஊற்றிவிடுவேன். புரையேறி மூக்கு வழியாகப் பச்சையாக வரும். என் முழங்காலைப் பிறாண்டுவான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. “குடிச்சாத்தானடா கண்ணு நல்லாவும்” என்று சொல்லிக்கொண்டே மிச்சத்தையும் ஊற்றுவேன். அழுகையாக வரும். அவன் அழுது முடித்தபிறகு சமையலறையில் போய் நானும் அழுவேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, வழக்கம்போல் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினோம். மேல்மருவத்தூர் கூட்டமெல்லாம் அதில்தான் இருந்தது. பின்வரிசையில் எனக்கு ஒரு சீட்டு கிடைத்தது. அவன் கொஞ்சம் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாயங்கால வேளைக் கஷாயம் எவர்சில்வர் பிளாஸ்கில் என் மடியில் சூடாக இருந்தது. அவனுக்கு எதிர் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண்ணும் அவளுடைய அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் நெருக்கினால் இவனுக்குப் பயம் வரும். பயம் வந்தால் என்ன வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் அந்த அண்ணன் எழுந்தான். “இன்னாடா, நானும் ரொம்ப நேரமா பாத்துக்கினு இருக்கேன். யாரப் பாத்து கண்ணடிக்கிற?” என்று கேட்டதும் இவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். க்கும் என்றுதான் வந்தது. அடுத்த நொடி அறை விழுந்தது. என் பிள்ளையின் தலை கம்பியில் போய் மோதிய சத்தம் பின்சீட்டுவரைக்கும் கேட்டது. “இந்த வயசுலயே பொறுக்கித்தனத்தப் பாரு” என்று யாரோ சொன்னார்கள். கூட்டத்திலிருந்து இன்னொரு கை அவன் முதுகில் விழுந்தது.

எப்படி அத்தனை பேரைத் தாண்டிப் போனேன் என்று தெரியாது. பிளாஸ்கை வீசியதுதான் தெரியும். அந்த அண்ணனுடைய புருவம் பிளந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்க, அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். விடவில்லை, மறுபடியும் வீசினேன். மூடி கழன்று சூடான கஷாயம் அவன் கழுத்திலும் பக்கத்திலிருந்தவர்கள்மேலும் தெறித்தது. அலறினார்கள். என் தலைமுடியை ஒருத்தி பிடித்து இழுத்தாள், அவள் கையைக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. என்னென்ன கெட்ட வார்த்தை தெரியுமோ அத்தனையும் கத்தினேன். அது வியாதி, அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வாக்கியம் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் என் வாயில் வந்தது.

கண்டக்டர் விசிலை ஊதி ஊதி பஸ்ஸை ஓரங்கட்ட வைத்தார். இரண்டு பேர் என் கையைப் பின்னால் மடக்கிப் பிடித்திருந்தார்கள். அந்த அண்ணன் தங்கையின் துப்பட்டாவைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் என் மகனைக் காணோம் என்று தெரிந்தது.

அந்தப் பெண்தான் குனிந்து பார்த்தாள். அவன் சீட்டுக்கு அடியில், செருப்புக் கால்களுக்கு நடுவில், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தான். கழுத்து வெட்டி வெட்டித் தலை தகரத்தில் இடித்துக்கொண்டிருந்தது. “தம்பி, வெளிய வா. எங்கண்ணன் இனிமே அடிக்க மாட்டாரு. ஒண்ணும் இல்ல, வா” என்று அவள் கையை நீட்டினாள்.

அவன் அடியிலிருந்தபடியே கேட்டான். “எங்கம்மா நிறுத்திட்டாங்களா?”

என் கையைப் பிடித்திருந்தவர்கள் தாமாகவே விட்டுவிட்டார்கள். செத்துப்போய்விடலாம் போல் இருந்தது. கண்டக்டர் பிளாஸ்கைப் பொறுக்கி என்னிடம் கொடுத்து, “உக்காருங்கம்மா, வண்டி எடுக்கணும்” என்றார்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். டாக்டரிடம் போகத் தெம்பில்லை. அவன் சட்டை முழுக்கக் கஷாயக் கறை. நெற்றி ஓரம் புடைத்திருந்ததைத் தொடப் போனேன், தலையை இழுத்துக்கொண்டான். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒருத்தியாக அத்தனை பேரோடு மல்லுக்கட்டியது யாருக்காக?

“அவன் ஒன்ன அடிச்சான்டா. பாத்துக்கினு சும்மா உக்காந்திருக்கச் சொல்றியா?”

“அவன் ஒரு அடிதாம்மா அடிச்சான். அப்புறம் நிறுத்திட்டான். நீ நிறுத்தவே மாட்ற.” தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “ஸ்கூல்லயும் அப்டித்தான். சார் அடிச்சத எல்லாரும் மறந்துட்டாங்க. நீ வந்து சட்டையப் புடிச்சத, தெருவுல பாக்குற பசங்க யாருமே மறக்கல. எவனாச்சும் என்னப் பாத்து சிரிச்சா, நீ வந்துடுவியோன்னு இருக்குது. அதுக்குத்தான் வயிறு வலிக்குது.”

வாத்தியாருக்குப் பயந்துகொண்டு, பையன்களுக்குப் பயந்துகொண்டு படுத்துக்கிடக்கிறான் என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து போய் வாட்டர் பாட்டில் வாங்கி வந்தான். முதலில் என்னிடம் நீட்டி, “வாய் கொப்பளிச்சிக்கோ, ரத்தமா இருக்குது” என்றான். அது நான் கடித்தவளுடைய ரத்தம்.

அந்த மே மாதம் நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பைக் உறுமும்போதெல்லாம் கை பரபரக்கும். மாவில் கையை முழங்கை வரைக்கும் விட்டுக்கொண்டு பல்லைக் கடிப்பேன். மூக்கைப் பிடித்து ஊற்றுவதை மட்டும் விட்டுவிட்டேன். டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். சில நாள் அப்படியே ஆறிக் கிடக்கும். சில நாள் காலி டம்ளர் இருக்கும். தைலத்தை அவனே தேய்த்துக்கொண்டான். கண் அடிப்பது நின்றதா என்றால், இல்லை. சில வாரம் குறைந்தது, சில வாரம் கூடியது. தூக்கம் மட்டும் நன்றாக வந்தது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் சீருடையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். வாந்தி எடுக்கவில்லை. “நீ வராத. எது நடந்தாலும் வராத. நான் பாத்துக்கறேன்” என்றான். சரி என்று தலையாட்டினேன். அடுப்பிலிருந்த கஷாயத்தை வடிகட்டித் தன் டம்ளரில் ஊற்றி மடக்கு மடக்காகக் குடித்தான். இன்னொரு டம்ளரிலும் ஊற்றி என் முன்னால் நீட்டினான்.

“எனக்கு எதுக்குடா?”

“நீயா குடிக்கிறியா, மூக்கப் புடிச்சி ஊத்தட்டுமா?”

அவன் சிரிக்கவில்லை. வாங்கிக் குடித்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. இதையா பிள்ளைக்கு இத்தனை மாதம் ஊற்றினேன் என்று இருந்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

தெருமுனை டீக்கடையில் பையன்கள் நின்றிருந்தார்கள். இவன் அவர்களைத் தாண்டும்போது கண் அடித்தது, கழுத்து வெட்டியது. ஒருத்தன் சத்தமாக க்கும் என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். என் கை தானாகக் குழவியில் போய் விழுந்தது. அவன் நின்று திரும்பிப் பார்த்தான். அந்தப் பையன்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். நான் குழவியிலிருந்து கையை எடுத்து உளுந்தைக் கழுவ ஆரம்பித்தேன். கழுவிய உளுந்தையே மறுபடியும் கழுவினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவன் தெருவைத் தாண்டிப் போயிருந்தான்.