லெசிபா சுட்ட மூன்று வாளி

லெசிபாவின் மனைவி ஹுனாடியை அவனுடைய அக்கா மகோமாவுக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. ஹுனாடி ஜோஹனஸ்பர்க்கில் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். கல்யாணத்துக்கு வந்த பெண்கள் அதை வியந்து பேசியபோது, "பஸ் ஓட்டுறவளுக்குக் குடும்பம் ஓட்டத் தெரியுமா?" என்று மகோமா எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். ஊரில் நான் மகோமாவுக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு கம்பி வேலிதான். கேட்காமல் இருக்க வழியில்லை.

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாக ஸ்கோன் என்கிற குட்டி இனிப்பு ரொட்டிகளைச் சுட்டு, மூடி போட்ட பெரிய வாளிகளில் அடைத்து வைப்போம். வேலைக்குப் போன பிள்ளைகள் வந்து இறங்கும் நாள் தொடங்கிப் புது வருஷம் வரை, யார் வந்தாலும் இஞ்சி பானமும் ஸ்கோனும்தான். சுட வேண்டியது மருமகள். எந்த வீட்டில் எத்தனை வாளி, எது மிருது, எது கருகல் என்று சர்ச் வாசலிலேயே அலசி முடித்துவிடுவார்கள்.

முதல் டிசம்பரில் ஹுனாடி சுட்டது கல்லாகிவிட்டது. மகோமா அதில் ஒன்றை எடுத்துத் தகரக் கூரைமேல் எறிந்து, அது உருண்டு விழும் சத்தத்தை வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினாள். அடுத்த வருஷம் ஹுனாடிக்கு லீவு கிடைக்கவில்லை. பண்டிகையன்றுதான் வந்து சேர்ந்தாள். அதற்கும் பேச்சு. "பயந்து ஓடிட்டா."

மூன்றாவது டிசம்பரில் லெசிபா ஒரு காரியம் செய்தான். இருபத்திரண்டாம் தேதி காலையில் மாவு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனான். அவன் ஜெர்மிஸ்டனில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் இருபது வருஷமாக மாவு பிசைகிறவன்.

"எங்க தூக்கிட்டுப் போற?" என்றாள் மகோமா.

"இந்தத் தடவை நான் சுடறேன்க்கா."

"நீயா? உன் பொண்டாட்டிக்குக் கை என்ன ஊனமா?"

"அவளுக்கு வராது. எனக்கு வரும். அதுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? வாசல்ல நாலு பேர் வந்து நிக்கிற நேரத்துல நம்ம அம்மா வீட்டு அடுப்படியில ஆம்பள மாவு பிசையறதா? அந்த டிரைவரம்மா உனக்கு எதக் கலக்கிக் குடுத்தா?"

அடுப்படிக் கதவைப் பூட்டிச் சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். ஹுனாடி முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"கலக்கிக் குடுக்கத் தெரிஞ்சிருந்தா, உங்களுக்குத்தான்க்கா முதல்ல குடுத்திருப்பேன். வாய் கொஞ்சம் மூடியிருக்கும்."

அதோடு போயிற்று. கொஞ்சநஞ்சம் இருந்த மரியாதையும் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

லெசிபா வேலியோரமாக வந்து நின்றான். "செலினாக்கா, உங்க கேஸ் அடுப்பக் குடுப்பீங்களா?" கொடுத்தால் மகோமா என்னோடு பேசமாட்டாள் என்று தெரியும். ஆனாலும் கொடுத்தேன். முப்பது வருஷமாக அவள் பேச்சைக் கேட்டுவிட்டேன், கொஞ்ச நாள் கேட்காமல் இருந்தால் குடி முழுகிவிடாது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் என் வீட்டிலேயே சுட்டான். எங்கள் பக்கம் டிசம்பர்தான் கோடை; வெயில் கொளுத்துகிறது, அடுப்புச் சூடு வேறு. அவன் கைவேலையை அன்றுதான் பார்த்தேன். மாவில் வெண்ணெயை உதிர்ப்பான், மோரை ஊற்றுவான், ஒரு சுற்று, அவ்வளவுதான். "போட்டு அமுக்கக் கூடாது. நீ அன்னைக்கு பிரேக்க மிதிக்கிற மாதிரி மிதிச்சிட்ட" என்று ஹுனாடியைச் சீண்டுவான். "பிரேக்க மிதிக்கலன்னா நீ இன்னைக்கு உயிரோட இருக்க மாட்ட" என்பாள் அவள். வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் போய்ச் சேரும். உடனே அங்கே ஒரு பாத்திரம் தரையில் விழும்.

மூன்று வாளி நிறைந்தது. நான் தின்று பார்த்தேன். அந்த மாதிரி ஸ்கோன் எங்கள் தெருவில் யாரும் சுட்டதில்லை. பொய் சொல்லவில்லை.

இருபத்திநாலாம் தேதி மதியம் இருவரும் பண்டிகைக்கு வந்திருந்த உறவுக்காரப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அணைக்கட்டுக்குப் போனார்கள். ஹுனாடிதான் காரை ஓட்டினாள். அவர்கள் திரும்புவதற்குள் மகோமா தாய்மாமன் மலெசெலாவிடம் போய்விட்டாள். அந்தக் குடும்பத்தில் அவர் வாக்குதான் கடைசி வாக்கு. தம்பிக்கு மருந்து வைத்துவிட்டார்கள், வேலைக்காரன் மாதிரி பொண்டாட்டிக்கு மாவு பிசைகிறான் என்று அழுதாளாம்.

கிறிஸ்துமஸன்று மதியம் குடும்பம் மொத்தமும் மருலா மரத்தடியில் கூடியது. இருபது முப்பது பேர் இருக்கும். களியும் கோழியும் பீட்ரூட்டும் பரிமாறி முடிந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டது லெசிபா. மூன்று வாளிகளும் மேசைமேல் இருந்தன. பக்கத்தில் மகோமா கடையில் வாங்கிய பிஸ்கட் தட்டை வைத்திருந்தாள். மாமா வாயைத் திறக்கும் வரை யாரும் எதையும் தொடவில்லை.

"லெசிபா, இதுல என்ன போட்டிருக்கு?" என்றார் மலெசெலா.

"மாவு, வெண்ணெய், சர்க்கரை, மோர். வேற என்ன மாமா?"

"உங்க அக்கா வேற சொல்றா."

"அப்போ உம் பொண்டாட்டி முதல்ல தின்னட்டும்" என்றாள் மகோமா.

ஹுனாடி எழுந்தாள். மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து, எல்லோரையும் பார்த்தபடி, அவசரமில்லாமல் முழுக்கத் தின்றாள். "இன்னொண்ணு தின்னவா, இல்ல டாக்டரக் கூப்பிடுவீங்களா?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் மகோமாவுக்குத் தாங்கவில்லை. ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு நேராகப் பன்றிப் பட்டிக்குப் போனாள். கவிழ்த்தாள். திரும்பி வந்து இரண்டாவதைத் தூக்கினாள். யாரும் தடுக்கவில்லை. மாமா தன் கைத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாளியை லெசிபா பிடித்துக்கொண்டான்.

"அக்கா, இது ரெண்டு நாள் நின்னு சுட்டது. பன்னிக்குப் போடுற?"

"ரெண்டு நாளா? நான் முப்பது வருஷம் சுட்டேன்டா! அம்மா செத்தப்ப உனக்கு ஒம்போது வயசு. என்னப் பொண்ணு கேட்டு வந்தவங்கள 'இவன யார் பாத்துக்குவா'ன்னு திருப்பி அனுப்பினேன். இருபது வருஷமா ரொட்டிக் கம்பெனியில இருக்க. இருபது டிசம்பர் இந்த மரத்தடியில சாஞ்சு உக்காந்து பீர் குடிச்ச. நான் அங்க மணிக்கட்டு வீங்கிப் பிசைஞ்சிட்டிருந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'நகருக்கா, நான் பிசையறேன்'னு சொன்னியா? உன் கைக்கு இந்த வேலை தெரியும்ங்கறதே இவளுக்காக சுட்டப்பத்தான் எனக்குத் தெரியுது!"

ஹுனாடி லெசிபாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்கும் புதிது என்று நினைக்கிறேன்.

"அக்கா..." என்றான் அவன்.

"அக்கா செத்துட்டா. உம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ."

அவன் வாளியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தான். புது வருஷம் வரை இருப்பதாக வந்தவர்கள், கிறிஸ்துமஸ் மாலை நாலு மணிக்குக் கிளம்பினார்கள். மாமா மட்டும் வாசல் வரை வந்தார். ஹுனாடி காரைப் பின்னால் எடுக்கும்போது, "பாத்து, ரோஜாச் செடி" என்றார். மேசைமேல் விட்டுப்போன வாளியை மகோமா தொடவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடி அன்று மாலையே காலி செய்துவிட்டார்கள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் செய்ததில் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிட்டதால், அவள் பக்கம் பேச எங்களில் ஒருவருக்கும் நா எழவில்லை. ஹுனாடியைத் திட்டும்போதெல்லாம் மகோமாவோடு சேர்ந்து சிரித்த பெண்கள், பன்றிப் பட்டிக்குப் பிறகு அந்த வாசலில் ஏறுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

அடுத்த டிசம்பரில் லெசிபா ஊருக்கு வரவில்லை. மகோமா தானே சுட்டாள், மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு. ஒரே ஒரு வாளி.

கிறிஸ்துமஸ் காலையில் லெசிபா அவளுக்குப் போன் செய்திருக்கிறான். இதைச் சொன்னது ஹுனாடி. நாங்கள் அவ்வப்போது பேசிக்கொள்வோம். "அக்கா, நீ சொன்னது சரிதான். ஒரு தடவைகூட நான் கேக்கல. வரட்டுமா? தனியா வேணும்னாலும் வந்து சுட்டுத் தரேன்" என்றானாம்.

"தனியா வர்றதுக்கு உனக்கு வெக்கமா இல்ல? கட்டினவள விட்டுட்டு வருவியா? நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று கேட்டுவிட்டு மகோமா போனை வைத்துவிட்டாள்.

மனைவியோடு வந்தாலும் குற்றம், அவளை விட்டுவிட்டு வந்தாலும் குற்றம். லெசிபா கட்டிலில் போய் உட்கார்ந்தான். அன்று ஹுனாடிக்கு வேலை. "வீட்ல உக்காந்து சுவத்தப் பாக்காத. வா" என்று இழுத்துப் போனாள்.

அவள் ஓட்டிய பேருந்தில் முன் சீட்டில் உட்கார்ந்து, காலையிலிருந்து அந்தத் தடம் முழுக்க நாலு தடவை போய் வந்தான். புதுத் துணி போட்ட குடும்பங்கள் ஏறின, இறங்கின. ஒரு பெண் தன் டப்பாவைத் திறந்து அவனுக்கு ஒரு ஸ்கோன் கொடுத்தாளாம். கடித்துப் பார்த்துவிட்டு ஹுனாடியிடம் குனிந்து, "அமுக்கிப் பிசைஞ்சிருக்காங்க" என்றானாம். அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பேசாம தின்னு" என்றாளாம்.