பொங்கோல் கடற்கரைப் பூச்சிக்கடி

பொங்கோல் சாலையில் பேருந்து வந்து நிற்கிறது. எனக்கு முன்னால் ஒரு தாய், மகளைப் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போகிறார். சிறுமியின் கன்னமும் கைகளும் சிவந்து தடித்திருக்கின்றன. நடத்துநர் படியை மறிக்கிறார்.

“அம்மை போட்ட புள்ளய ஏத்த முடியாதுலா, அக்கா.”

“அம்மை இல்லண்ணே, கடக்கரையில பூச்சி கடிச்சிருச்சு. இன்னிக்குச் சேக்கலன்னா அடுத்த வருசந்தான்.”

சிறுமி சொறிவதை நிறுத்திவிட்டு அழத் தொடங்குகிறாள்.

நேற்று மாலை நானும் அந்தக் கடற்கரையில்தான் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து சேலைத் தலைப்புக்குள் மறைத்திருந்த கையை வெளியே நீட்டுகிறேன். முழங்கைவரை அதே தடிப்புகள்.

“எனக்கும் அதே பூச்சிதாங்க.”

நடத்துநர் எங்கள் கைகளை மாறி மாறிப் பார்க்கிறார், சிரித்துவிடுகிறார். “ஊருக்குப் புதுசா? தேங்காண்ணெ பூசிக்கிட்டுல்ல அங்க போவணும்! பூச்சி அதுல ஒட்டிக்கும், கடிக்காது. ஏறுங்க, ஏறுங்க.”

மூவரும் ஒரே இருக்கையில் அமர்ந்ததும், தாய் தண்ணீரில் நனைத்த கைக்குட்டையை மகளின் கையில் சுற்றுகிறார். சிறுமி அதைப் பாதி அவிழ்க்கிறாள். அவிழ்ந்த முனையை என் கைமேல் விரிக்கிறாள். அது நழுவிவிடாதிருக்க, பள்ளி வரும்வரை இருவரும் கையை அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறோம்.