ஒன்றுக்குப் போகிறவரை முந்தக் கூடாது

ஹெப்பாளில் எங்கள் தொழிற்சாலையின் சைக்கிள் குழுவுக்கு எழுதப்படாத விதிகள் ஏராளம். எல்லாம் எங்கள் கேப்டன் வெளிநாட்டுப் பந்தயங்களை டிவியில் பார்த்துக் கொண்டுவந்தவை. அவர் ஆபீஸில் மேனேஜர். நான் பேக்கிங் பிரிவு. தலைவருக்கு டயர் பஞ்சரானால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். தலைவர் ஒன்றுக்குப் போக நின்றால் யாரும் முந்தக் கூடாது. தலைவர் யார் என்று யாரும் கேட்டதில்லை.

கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் பந்தயத்துக்கு ஆள் தேர்வு. ஞாயிறு காலை நஞ்சன்கூடு வரை ஓட்டம். முதலில் போய்ச் சேரும் நான்கு பேருக்கு அணியில் இடம். அந்த இடம் எனக்கு ரொம்ப வேண்டியிருந்தது. மண்டி மொஹல்லாவிலிருந்து தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் நான். பேச்சில்தான் பின்தங்குவேன், மிதிப்பதில் இல்லை.

பாதி வழியில் என் செயின் கழன்றது. நிற்கச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. கேப்டனே திரும்பிப் பார்த்தார்.

"பஞ்சருக்குத்தான் ரூல். செயினுக்கு இல்லரீ" என்று கன்னட மரியாதையோடு சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

கையெல்லாம் கிரீஸோடு செயினை மாட்டிக்கொண்டு விரட்டினேன். கொஞ்ச தூரத்தில் கேப்டன் சாலையோரம் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். மரியாதைக்காக மொத்தக் குழுவும் அவருக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றது, ஒன்றுக்கு வந்தவர்களும் வராதவர்களுமாக. எனக்குக் கூச்சமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனேன்.

"ரீ, நில்ரீ. ஜென்டில்மேன் கேம் இது" என்று பின்னால் கேப்டனின் குரல் கேட்டது. உடனே துரத்தி வரும் நிலையில் அவர் இல்லை.

நஞ்சன்கூட்டில் நான்தான் முதல். பிறகு வந்த கேப்டன் மூச்சு வாங்கியபடி கேட்டார்.

"ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் வேணாமா? நீங்களா விட்டுக்கொடுத்துட்டா மரியாதையா இருக்கும்."

"விடுங்க சார்" என்றார் ஸ்டோர்ஸ்காரர் ஒருவர். "அவரு நம்மள பாக்கவே இல்ல. வயசுக்கு வந்த பொண்ணு மாதிரி குனிஞ்சுக்கிட்டே போனாரு."

எல்லோரும் சிரித்தார்கள், கேப்டனைத் தவிர. டீ குடித்து முடித்ததும் தீர்ப்பு வந்தது. எனக்கு அணியில் இடம் உண்டு, ஆனால் அவருக்குத் தண்ணீர் பாட்டில் சுமக்க.

"ஃபாரின்ல இதுக்குன்னே ஆள் இருக்காங்க. பெரிய கௌரவம்ரீ."

தலையாட்டினேன். இடம் இடம்தானே.

பந்தயத்தன்று நல்ல வெயில். கேப்டன் எனக்கு வெகு பின்னால் வந்துகொண்டிருந்தார். பாட்டில்கள் கனத்தன. ஒவ்வொன்றாக நானே குடித்துத் தீர்த்தேன்.