டிரைவரும் பொறுப்பு

எங்கள் பஸ் மாநில எல்லை தாண்டி ஓடுகிற தனியார் பஸ். அதை ஓட்டியவரை எல்லாரும் வக்கீலண்ணன் என்போம். படித்தது எட்டாவதுதான், வாதாட ஆரம்பித்தால் எதிராளி டிக்கெட் வாங்காமலே இறங்கிப் போய்விடுவான். நான் அவருடைய கண்டக்டர்.

துப்பாக்கிக் கடத்தலைத் தடுக்கப் புதுச் சட்டம் எழுதுகிறோம் என்று சட்டசபை உறுப்பினர்கள் குழு ஒன்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றோம். இவர் முன்னால் போனார்.

"டிரைவருக்குத் தெரியாம வண்டியில ஒரு குண்டூசி ஏற முடியாதுங்க. டிரைவரையும் பொறுப்பாக்குங்க. கடத்தல் தானா நின்னுடும்."

குழுத் தலைவர் கைகொடுத்துவிட்டுப் போனார். சட்டம் வந்தது. வண்டியில் துப்பாக்கி அகப்பட்டால், வைத்தது வேறு ஆள் என்று டிரைவர்தான் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் சிறை அவருக்கு. தவளை தன் வாயால் கெடும் என்று மற்ற டிரைவர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

"மடியில கனம் இருக்கிறவனுக்குத்தானேடா வழியில பயம்" என்றார் அவர்.

அண்ணிக்கு ஒரு தம்பி. வேலைவெட்டி இல்லாமல் திரிந்தவனை வீட்டோடு வைத்துச் சோறு போட்டு, பஞ்சர் கடையும் வைத்துக் கொடுத்தவர் அண்ணன்தான். ஒருநாள், நான் இல்லாத நேரத்தில், பஸ் அவர் வீட்டு வாசலில் நின்றது. "மாமா, ஸ்டெப்னியில காத்து எறங்கியிருக்கு. ஒட்டிக் கொண்டாரேன்" என்று அவனே கழற்றிப் போனான். திரும்ப மாட்டியபோது அண்ணி அவனுக்குக் காப்பி கொடுத்தார்.

மறுநாள் எல்லைச் சோதனையில் அந்த டயரைக் கிழித்தார்கள். உள்ளே கைத்துப்பாக்கிகள், துணி சுற்றி, பத்திரமாக. அந்த டயரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று மச்சினன் சத்தியம் செய்தான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிற நாய்! எனக்கு அவன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. ஆனால் அவன் கழற்றியதை நான் பார்க்கவில்லையே. அண்ணனைத் தவிர பார்த்தது அண்ணி ஒருவர்தான்.

லாக்கப்புக்குள் இருந்தபடி அண்ணன்தான் என்னைத் தேற்றினார். "உங்க அண்ணி வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்டா. நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கே?"

அண்ணி வந்தார்.

"ஸ்டெப்னிய யாரும்மா கழட்டிட்டுப் போனது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தெரியலைங்க. என் தம்பி அன்னைக்கு வீட்டுப் பக்கமே வரல."

அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா?" என்றார், அவ்வளவுதான்.

அண்ணி அழுதார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார்.

"அவனை விட்டா எனக்கு யாருங்க இருக்கா?" என்று அவரிடமே கேட்டார்.