இரண்டும் இடது கால்

கண்டியில் ஒரு நீதவான் நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளர். தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும், சிங்களத்தில் சொல்வதைத் தமிழிலும் சொல்வது என் வேலை. என் கருத்தை அங்கே யாரும் கேட்பதில்லை. பத்தொன்பது வருடமாகக் கேட்கவில்லை. அதனால் என்னிடம் நிறையச் சேர்ந்துவிட்டது.

கலவரம் நடந்த வாரத்தில் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் கடைத்தெருப் பக்கம் புகை தெரிந்தது. முஸ்லிம் கடைகளைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். நாங்கள் கத்தோலிக்கத் தமிழர். உள் அறையில் இருந்த மாதா சுரூபத்தைத் தூக்கி வந்து, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி முன் ஜன்னலில் வைத்தேன். அவர்கள் தேடும் ஆட்கள் நாங்கள் இல்லை என்று மாதா அவர்களுக்குச் சொல்லட்டும் என்பது ஏற்பாடு. என் வாழ்நாளில் நான் செய்த பக்திக் காரியங்களில் மிகக் கோழைத்தனமானது அதுதான்.

அந்த ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுதான் கூட்டத்தைப் பார்த்தேன். முன்னால் போனவர்கள் கையில் தடியும் போத்தலும். பின்னால் வந்தவர்கள் கையில் சோற்றுக் குக்கர், மின்விசிறி, துணிக்கட்டு. முன்னால் போனவர்கள் கோபமாகப் போனார்கள். பின்னால் வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். பின்னால் வந்தவர்கள் மேல்தான் எனக்கு அதிக ஆத்திரம் வந்தது. “எல்லாரையும் புடிச்சு உள்ள போடணும், ஒருத்தனையும் விடக் கூடாது” என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் திரையை இழுத்து மூடச் சொன்னார்.

நான் கேட்டது கிடைத்தது. ஊரடங்கு தளர்ந்ததும் பொலிஸ் லொறிகளில் ஆட்களை எங்கள் நீதிமன்றத்தில் கொண்டுவந்து இறக்கியது. அவர்களில் பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டுகஸ்தோட்டையில் ஒரு கட்டட வேலையில் கையாளாக நின்றவர். கலவரம் தொடங்கியதும் மேஸ்திரி ஓடிவிட்டார், பஸ் இல்லை. கட்டடத்துக்குள்ளேயே இரண்டு நாள் பதுங்கிக் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் விடியற்காலையில் தோட்டத்துக்கு நடக்கத் தொடங்கியிருக்கிறார். எரிந்த சப்பாத்துக் கடையின் முன்னால் தெருவெல்லாம் சப்பாத்து. குனிந்து இரண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து. பாலத்தடியில் பொலிஸ் பிடித்தது.

அவர் மீது மூன்று குற்றச்சாட்டுகள். சட்டவிரோதக் கூட்டத்தில் சேர்ந்தது, களவு, ஊரடங்கை மீறியது.

அதே நாளில் வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவரையும் கொண்டுவந்தார்கள். சந்தியில் நின்று எந்தக் கடை யாருடையது என்று விரல் நீட்டிக் காட்டியவர். காணொளியில் விரல் தெளிவாகத் தெரிந்தது. அவருக்குக் கூண்டுக்கு வரும் வழியில் நெஞ்சு வலித்தது. மூன்று சட்டத்தரணிகள் அந்த வலியைப் பற்றி மாறி மாறிப் பேசினார்கள். வைத்தியசாலைக்குப் போனார், இரண்டு வாரத்தில் பிணையில் வந்தார். பன்விலக்காரருக்கு எந்த இடத்திலும் வலிக்கவில்லை, அதனால் விளக்கமறியல் சிறைக்குப் போனார். நான்கு மாதம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது.

“எடுத்தது உண்மைதாங்க. கூட்டத்தோட போகலைங்க. நான் போறப்ப அங்க ஒரு நாய்தான் இருந்துச்சு” என்றார் அவர். நாயையும் சேர்த்தே சிங்களத்தில் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

சாட்சி சொல்லக் கடைக்காரர் வந்தார். ஹாஜியார், அறுபது தாண்டியவர். அவருடைய சிங்களம் என் சிங்களத்தைவிட நல்ல சிங்களம். ஆனாலும் தமிழில்தான் சாட்சி சொல்வேன் என்றார். மேசையில் இருந்த சான்றுப்பொருளைக் காட்டி, இந்தச் சோடிச் சப்பாத்து உங்கள் கடையுடையதா என்று வழக்கை நடத்திய பொலிஸ் அதிகாரி கேட்டார்.

ஹாஜியார் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். “எங்கட கடைட சாமான்தான். ஆனா இது சோடி இல்ல. ரெண்டும் இடது கால். ஒண்டு நாலாம் நம்பர், மத்தது ஆறு. நாங்க கடைக்கி முன்னுக்கு ஒரு கால் மட்டும்தான் வெக்கிற. வலது காலெல்லாம் உள்ளுக்கு பெட்டீல. அது எல்லாம் எரிஞ்சி போச்சி.”

நான் மொழிபெயர்த்தேன். நான்கு மாதமாகக் குற்றப்பத்திரிகையில் ‘ஒரு சோடி’ என்றே இருந்தது. பொலிஸ் எழுதியது, எழுதுவினைஞர் தட்டச்சு செய்தது, ஐந்தாறு பேர் கையெழுத்திட்டது. ஒருவரும் அந்தப் பையைத் திறந்து ஒரு தரம் பார்த்திருக்கவில்லை. கூண்டில் நின்றவரின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

“இவருக்குத் தண்டனை கொடுக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களா?” என்று பன்விலக்காரரின் சட்டத்தரணி ஹாஜியாரிடம் கேட்டார். ஆட்சேபம் எழும்புவதற்குள் ஹாஜியார் சொல்லி முடித்துவிட்டார். “கொளுத்தினவன கூட்டிட்டு வாங்க, அப்ப பதில் செல்றேன்.”

நீதவான் கெட்ட மனிதர் இல்லை. கோப்புகளை வாசிக்கிற, ஏழைகளிடம் குரலை உயர்த்தாத மனிதர். தீர்ப்பைச் சிங்களத்தில் இருபது நிமிடம் வாசித்தார். சாதாரண நாளில் இது சின்னக் களவு என்றார். கலவர நாளில் சின்னக் களவு என்று ஒன்று இல்லை, தீ வைப்பவனுக்குத் தைரியம் கொடுப்பது அவனுக்குப் பின்னால் வருகிறவர்கள்தான் என்றார். சோடி அல்ல என்பது குற்றத்தைக் குறைக்காது, சோடி என்று நம்பித்தானே எடுத்திருக்கிறார் என்றார். பதினெட்டு மாதக் கடூழியச் சிறை.

அந்த வாதத்தில் பாதி சரி. திரைக்குப் பின்னால் நின்று நானே அதைத்தான் சொன்னேன். ஆனால் பின்னால் வந்து சிரித்தவர்கள் யாரும் கூண்டில் இல்லை. குக்கர்களும் மின்விசிறிகளும் எந்தெந்த வீட்டில் சமைத்துக்கொண்டும் சுற்றிக்கொண்டும் இருக்கின்றன என்று எங்கள் தெருவுக்கே தெரியும். அவர்கள் வீடு பக்கத்தில், ஓடி ஒளிய இடம் இருந்தது. இவர் வீடு தூரத்தில், நடக்க வேண்டியிருந்தது. அதனால் அகப்பட்டார். நாட்டுக்கு ஒரு பாடம் தேவைப்பட்டது, பாலத்தடியில் அன்று கைக்கு எட்டியது இவர்தான்.

அன்று வேறு பதினோரு வழக்குகள் காத்திருந்தன. இருபது நிமிடத் தீர்ப்பு முழுவதையும் நான் பன்விலக்காரருக்குச் சொல்லவில்லை. “பதினெட்டு மாசம்” என்று மட்டும் சொன்னேன். அவர், “சரிங்க மிஸ்” என்றார்.

வெளியே படிக்கட்டில் ஹாஜியார் நின்றுகொண்டிருந்தார். ஏன் தமிழில் சாட்சி சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“அந்த மனிசனுக்கும் வெளங்கட்டும்னுதான் மகள். எல்லாரும் அவருக்குத் தெரியாத பாஷையிலதான் அவர பத்தி பேசுற.” பிறகு எரிச்சலாகச் சொன்னார்: “என்னய நல்லவன்னு நெனச்சிராதீங்க. எனக்கு வேண்டியது கொளுத்தினவன். இவர உள்ளுக்கு போட்டுட்டு எனக்கு நீதி கெடச்சிட்டுதுன்னு செல்லப்போறாங்க. அதுக்கு என்ட பேர பாவிக்க வேணாம்.”

சொன்னதோடு நிற்கவில்லை. தன் செலவில் சட்டத்தரணி வைத்து மேன்முறையீடு செய்தார். பள்ளிவாசலில் சிலர் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். கடையை எரித்த கூட்டத்தில் ஒருவனுக்கு வக்காலத்து வாங்குகிறாரே என்று அவருடைய மருமகனே கேட்டாராம். ஏழு மாதம் கழித்து மேல் நீதிமன்றம், சிறையில் இருந்த காலம் போதும் என்று பன்விலக்காரரை விட்டது.

வெள்ளைச் சட்டைக்காரரின் வழக்கு அதற்குள் முடிந்திருந்தது. சாட்சிகள் வரவில்லை. அந்த விரல் யாருடையது என்று நிபுணர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சந்தியில் இன நல்லிணக்கத்துக்கு மரம் நட்டபோது முதல் மண்ணை அள்ளிப் போடும்படி அவரைத்தான் அழைத்தார்கள். போனவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் அலுவலகத்திலிருந்து போகச் சொல்லியிருந்தார்கள். அவருடைய நல்லிணக்க உரையைத் தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. நன்றாகச் சொன்னேன் என்று கை குலுக்கினார்.

போன மாதம் பன்விலக்காரர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கட்டாருக்கு வேலைக்குப் போக முயன்றிருக்கிறார். பொலிஸ் அறிக்கையில் தண்டனை இருப்பதால் கிடைக்கவில்லை. தீர்ப்பின் பிரதி எடுத்துக் காட்டினால் ஏதாவது செய்யலாம் என்று ஏஜென்சிக்காரர் சொன்னாராம். செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

“இதுல என்ன இருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா மிஸ்? அன்னிக்கி நீங்க மாசத்த மட்டுந்தான் சொன்னீங்க.”

குற்றம் சாட்டுவது போலச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது. கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். ஒன்பது பக்கம். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா நகரத்தின் புகழ், சமயங்களின் ஒற்றுமை, வெளிநாட்டார் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள், சுற்றுலாத்துறை, எதிர்காலச் சந்ததி. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கேட்டார். ஏழாம் பக்கத்தில் என்னை மெதுவாக நிறுத்தினார்.

“மிஸ், என்னய பத்தி எங்க வருது?”

“கடைசிப் பக்கத்துல வருது” என்றேன்.

“அப்ப அதைச் சொல்லுங்க. அடுத்த பஸ்ஸுக்கு நான் போகணும்.”

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அவரைப் பற்றி இரண்டரை வரி. வாசித்து முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.